இடுப்பு வலி என்று சொன்னால் போதுமா?



பாடத்திட்டம், இலக்கணம், மாணவர் சேர்க்கை என்று எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று கருவுற்ற பெண்களின் வலியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் ஏதேனும் ஓர் ஆசிரியர் அறையில் ஒருவர் கருவுற்றிருக்கத்தான் செய்கிறார். ஆகவே, இது பள்ளியைப் பற்றிய செய்திதான். தவிர, இதற்குள் ஒரு மொழிச் சிக்கலும் இருக்கிறது. தமிழாசிரியை அல்லவா? முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

'இடுப்பு வலி' என்று நாம் எதைச் சொல்கிறோம்? நிறைமாதப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது என்றால் அது பேறுகால வலி; வீடே பரபரப்பாகி மருத்துவமனைக்குப் புறப்படும். ஐந்தாம் மாதத்துப் பெண் இடுப்பு வலி என்றாலோ, "வயிறு பெரிதாகிறதல்லவா, முதுகு பிடித்திருக்கும், கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொள்" என்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வலி உண்டு. அதற்கு நம் வீட்டுப் பேச்சில் பெயர் இல்லை.

அவ்வலி வருமிடம் முதுகன்று. அடிவயிற்றுக்குக் கீழே, இடப்பக்க வலப்பக்க இடுப்பெலும்புகள் முன்புறமாக வந்து சேர்கின்றனவே, அந்த இணைப்பில் அது எழும். மருத்துவத் தமிழில் அந்த எலும்புக்குப் பூப்பெலும்பு என்று பெயர். சிலருக்கு அவ்வலி பின்புறத்தில், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் கூடுமிடத்தில், ஒரு பக்கமாகவோ இருபக்கமுமாகவோ வரும். தொடையின் உட்புறத்துக்கும் பரவும். இடுப்பு வளைய வலி என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ஆனால், தலைமையாசிரியர் ஆணாக இருக்கும் பள்ளியில் இருபத்தேழு வயது ஆசிரியை ஒருவர் அவருக்கு எதிரே நின்று அவ்விடத்தின் பெயரை எப்படிச் சொல்வார்? 'இடுப்பு' என்பார், 'தொடை' என்பார், பல நேரங்களில் 'உடம்பு சரியில்லை, ஐயா' என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்பவருக்கு அது சோம்பலாகத் தெரிந்தாலும் வியப்பில்லை.

இது அரிய நோயன்று. கருவுறும் பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அளவில் இவ்வலி வருகிறது. பெரும்பாலோர்க்கு மிதமாக இருக்கும். சிலருக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை ஏற்படும். கருவுற்ற காலத்தில் இடுப்பு மூட்டுகளை இழுத்துப் பிடித்திருக்கும் இணைப்புநார்கள் தளர்கின்றன. குழந்தை வெளிவர வழி வேண்டுமே! முன்புற எலும்புகளுக்கிடையே வழக்கமாக உள்ள 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. மூட்டுகள் சமமாக அசையாமல் ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ரிலாக்சின் என்னும் இயக்குநீரே இதற்கெல்லாம் காரணம் என்று முன்பு உறுதியாகச் சொல்லி வந்தார்கள். அதன் அளவுக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வயிற்றிலுள்ள குழந்தைக்கு இவ்வலியால் தீங்கில்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஒற்றைக் காலில் உடலின் பாரம் விழும்போதெல்லாம் வலி குத்தும். படியேறுவதும், மகிழுந்தில் ஏறி இறங்குவதும், நின்றபடியே சிலுவாரை மாட்டிக்கொள்வதும் ஒற்றைக் கால் வேலைகள்தாமே! எனக்கு இது இரண்டாம் பிள்ளையின்போது, 22-ஆம் வாரத்தில் தொடங்கியது. அப்போது என் வகுப்பறை மூன்றாம் மாடியில் இருந்தது, 44 படிகள். எண்ணிக்கை இன்றும் மறக்கவில்லை. காலைச் சபைகூடலில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். கடமை ஆசிரியர் வாரம் என்றால் ஓய்வு நேரத்திலும் சிற்றுண்டிச்சாலைக்கு முன் நிற்க வேண்டும். ஆண்டு 1 மாணவர்களின் மேசையோ நம் முழங்கால் உயரம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் குனிய வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது கழிவறை. நம் பள்ளிகள் பலவற்றில் குந்தி அமரும் கழிவறைகளே அதிகம். குந்தினால் எழ முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலிருந்த நாள்கள் உண்டு. (கருவுற்ற பெண் தண்ணீர் குடிக்காமலிருந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.) இரவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள்வதற்குள் விழிப்பு வந்து, கண்ணீரும் வந்துவிடும்.

அப்போது என் காதில் அடிக்கடி விழுந்த சொற்கள் இவை: "எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம்? விடிவதற்கு முன்பே எழுந்து, நிறைமாத வயிற்றோடு பால்மரம் வெட்டப் போனோம். காலையில் நிரையில் நின்றவள் மாலையில் பிள்ளை பெற்றாள்." தோட்டத்து வாழ்க்கையை அறிந்த எவரும் இதை மறுக்க முடியாது. நம் பாட்டிமார்கள் அப்படித்தான் உழைத்தார்கள். ஆனால், அதை இன்றைய பெண்ணின் வாயை அடைக்கும் சான்றாகப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. அவர்கள் மரம் வெட்டினார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அவர்களுக்கு வலிக்கவில்லை என்பதற்கு ஆவணம் எங்கே இருக்கிறது? யார் அவர்களிடம் கேட்டார்கள்? நான் என் பாட்டியிடம் கேட்டேன். எங்கே வலித்தது என்றதும், சற்றும் தயங்காமல் சரியாக அந்த இடத்தில் கையை வைத்தார். மேட்டு நிரையிலிருந்து இறங்கும்போது நேராக இறங்க முடியாமல் நண்டுபோல் பக்கவாட்டில் இறங்குவாராம். "சொன்னால் அரைநாள் சம்பளம் போய்விடும், கண்ணு" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இது இந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த நோய் என்று நினைப்போருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1870-இலேயே ஸ்னெல்லிங் என்னும் மருத்துவர் கருவுற்ற காலத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்ந்து வலிப்பதைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்வதற்கும் முந்தைய காலம் அது.

சுகாதார நிலையத்துக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு தாய்க்கும் இளஞ்சிவப்புப் புத்தகம் ஒன்று தருகிறார்கள். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், குழந்தையின் இதயத் துடிப்பு என எல்லாம் அதில் ஏறும். ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண ஒட்டுவில்லை ஒட்டப்படும். மிக நல்ல ஏற்பாடு. எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஆயினும் அது உயிருக்கு வரும் ஆபத்தை அளப்பது, வலியை அளப்பதன்று. படுக்கையில் புரள முடியாத நான் கடைசிவரை வெள்ளை ஒட்டுவில்லைக்காரியாகவே இருந்தேன்! 'சாக்கிட் பிங்காங்' என்று சொன்னபோதெல்லாம், "பியாசாலா, புவான்" என்ற பதில்தான் கிடைத்தது. வழக்கமானதுதானாம். ஒரு நாள் 'துலாங் அரி-அரி' என்று எலும்பின் பெயரைச் சொல்லி, விரலால் இடத்தைக் காட்டி, படியேறவும் புரளவும் முடியவில்லை என்றேன். அங்கிருந்த மூத்த தாதி உடனே நிமிர்ந்து பார்த்தார். அன்றே மருத்துவரைப் பார்த்தேன். பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதமும் கிடைத்தது. ஒரு சொல் செய்த வேலை இது. அதனால்தான் மொழிச் சிக்கல் என்று தொடக்கத்தில் எழுதினேன்.

இயன்முறைச் சிகிச்சையில் மாயம் எதுவுமில்லை. மூட்டுகளைச் சோதித்தார்கள், இடுப்படித் தசைகளுக்கும் அடிவயிற்றுத் தசைகளுக்கும் சில பயிற்சிகள் கற்பித்தார்கள், இடுப்புப் பட்டை ஒன்றைச் சரியான இடத்தில் கட்டக் காட்டினார்கள் (அது எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை, எனக்கு ஒத்துவந்தது). மற்றவையெல்லாம் அன்றாட அசைவுகளைத் திருத்துவதுதான். இரு முழங்கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டே புரள வேண்டும். அவற்றுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மகிழுந்தில் முதலில் உட்கார்ந்து, பின்னர் இரண்டு கால்களையும் சேர்த்தே உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு நெகிழிப் பையை விரித்துக்கொண்டால் வழுக்கித் திரும்ப எளிது. உட்கார்ந்தே உடுத்த வேண்டும். படியேறித்தான் ஆகவேண்டும் என்றால், வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வலிக்கு மாத்திரை தேவையென்றால் பாரசிட்டமோல் எடுத்துக்கொள்ளலாம். அதையும் மருத்துவரிடம் கேட்டே எடுப்பது நல்லது. மாதவிடாய் வலிக்கென வீட்டில் வைத்திருக்கும் பொன்ஸ்தான் போன்றவற்றைக் கருவுற்ற காலத்தில், அதிலும் 20 வாரத்துக்குப் பின்னர், மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. இவற்றால் என் வலி முற்றாக நீங்கவில்லை. ஆனால், நான் வேலைக்குப் போக முடிந்தது.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நன்றாக நட, குந்தி உட்கார்ந்து தரையைத் துடை, சுகப்பிரசவம் ஆகும்' என்பது அன்பினால் சொல்லப்படும் அறிவுரைதான். வலியில்லாத பெண்ணுக்கு நடை நல்லது. இவ்வலி உள்ளவருக்கோ கால்களை அகட்டிக் குந்துவதும், ஒரு பக்கமாகத் தள்ளித் தரை துடைப்பதும், இடுப்பில் மூத்த பிள்ளையைச் சுமப்பதும் வலியை மிகுவிக்கும். தரையை மகன் துடைக்கட்டுமே!

இனி, பள்ளி. நான் இப்போது கால அட்டவணை தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். அதனால் துணிந்து சொல்கிறேன்: ஒரு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது அரைமணி நேர வேலை. 500-க்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள் ஏராளம்; அங்கே ஆசிரியர் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர்கள் படும் பாடு எனக்குத் தெரியாததன்று. ரிலீஃப் வகுப்புக்குப் போய்ப் போய் முகம் சுளிக்கும் சக ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், அந்தக் காரணத்துக்காகவே கேட்கிறேன். கரும்பலகைக்கு அருகில் உயரமான நாற்காலி ஒன்று, கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை, உடற்பேறு குறைந்தோருக்கான கழிவறையின் சாவி, சபைகூடலில் உட்கார அனுமதி, கடமை ஆசிரியர் பணிக்குப் பதிலாக அமர்ந்து செய்யும் ஓர் எழுத்துப் பணி... இவை கிடைத்தால் அவ்வாசிரியை இரண்டு நாளைக்கொரு முறை மருத்துவ விடுப்புச் சான்றிதழோடு வரவேண்டிய தேவையே குறையும். புத்தகக் கட்டைச் சுமக்க ஆண்டு 6 மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

சட்டத்தைப் பார்த்தால், 2023 சனவரி 1 முதல் தனியார் துறை ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தனியார் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு இது பெரிய நன்மை. அரசு ஆசிரியர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. எந்த விதியானாலும் விடுப்பு பெரும்பாலும் பிறப்புக்குப் பிந்தைய நாள்களை எண்ணியே அமைந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தைத் தலைமையாசிரியரின் மனமும் சக ஆசிரியர்களின் மனமும்தான் தீர்மானிக்கின்றன. தலைமையாசிரியர்கள் 'என்ன நோய்' என்று துருவ வேண்டாம். 'எதைச் செய்யக் கடினமாக இருக்கிறது, படியா, நிற்பதா?' என்று கேட்டால் போதும். அக்கேள்விக்கு எந்தப் பெண்ணும் கூச்சமின்றிப் பதில் சொல்வார்.

ஒரு எச்சரிக்கையையும் பதிவுசெய்கிறேன். எல்லா வலியையும் இவ்வலி என்றே எண்ணிவிடக் கூடாது. உதிரப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம், காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காலோ மறைவிடமோ மரத்துப்போதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளைப்பேற்றைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இவ்வலி உள்ளவர்களில் பெரும்பாலோர் இயல்பாகவே பெற்றெடுக்கிறார்கள். வலியின்றிக் கால்களை எவ்வளவு அகட்ட முடிகிறது என்பதை முன்னதாகவே அளந்து, புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பேறுகால அறையில் உள்ள தாதியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்தோ கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ இருக்க முடியுமா என்றும் கேளுங்கள். பிறந்தபின் பலருக்குச் சில வாரங்களிலேயே வலி தணியும். எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதற்குப் பின்னும் தொடர்ந்தால், பத்தியம் முடியட்டும் என்று காத்திராமல், அதே பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.