பாசியா, ஊரா? நூலின் முதுகில் உள்ள எண்ணைக் கேளுங்கள்

லூமுட் நம் ஊர்ப் பெயர். மலாய் மொழியில் அதே சொல்லுக்குப் பாசி என்று பொருள். ஈரச் சுவரிலும் பழைய கிணற்றுப் படியிலும் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அந்தப் பாசிதான். நூலகக் கணினியில் இந்தச் சொல்லைத் தட்டும் மாணவருக்கு எது வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. அறிவியல் பாடத்துக்காகப் பாசியைத் தேடுகிறவர், வரலாற்றுப் பாடத்துக்காக நகரத்தைத் தேடுகிறவர், கடற்படைத் தளத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர் என மூவருக்கும் அது ஒரே பட்டியலைத்தான் காட்டும்.

அலமாரி அப்படிக் குழம்பாது. பாசித் தாவரங்கள் 588இல் இருக்கும், மலேசிய வரலாறு 959.5இல், கடற்படை 359இல். சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறானால் எண்ணும் வேறு.

நூலின் முதுகுப் பக்கத்தில், அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இந்த எண்ணைப் பார்க்கலாம். இதற்கு அழைப்பு எண் என்று பெயர். பின் அட்டையில் கோடுகளோடு இருக்கும் நீளமான எண் வேறு, அது விற்பனைக்கானது. "கணினியில் தேடினால் போதாதா, இந்தப் பழைய எண் எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். இந்த எண்ணுக்கு இன்றும் தேவை இருக்கிறது, தமிழ் நூல்களுக்கு மற்ற நூல்களைவிட அதிகமாகவே இருக்கிறது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன், எண்ணை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

நம் தாத்தா பாட்டிகள் சீவிய பால்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் சாகுபடியைப் பற்றிய நூலின் எண் 633.8952. அறிவை நடைமுறையில் பயன்படுத்தும் துறைகளுக்கு 600. அதற்குள் வேளாண்மைக்கு 630. வயலிலும் தோட்டத்திலும் பெரிய அளவில் வளர்க்கும் பயிர்களுக்கு 633. புள்ளிக்குப் பின் வரும் 8, ஆலைகளுக்குப் போகும் பயிர்களைக் குறிக்கிறது. இன்னும் உள்ளே போனால் 895 என்ற இடத்தில் பாலும் பிசினும் தரும் மரங்கள். கடைசியில் நிற்கும் 2தான் ரப்பர். இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமும் ஒரு படி உள்ளே அழைத்துப் போகிறது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு என்று சொல்லிக்கொண்டே போய் வீட்டு வாசலில் நிறுத்துவதுபோல.

இப்போது ஒரு கேள்வி. செம்பனை நூலுக்கு 633.851, மூலிகைப் பயிர் நூலுக்கு 633.88. அலமாரியில் எது முதலில் வரும்? 851 பெரிய எண், அதனால் 88தான் முதலில் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. புள்ளிக்குப் பின் வருவது தசமம். 0.88 என்பது 0.880, அது 0.851ஐவிடப் பெரிது. ஆகவே செம்பனை முதலில், மூலிகை அடுத்து, அதற்கும் பின்னால்தான் 633.8952ஆக நம் ரப்பர். புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுக்கொண்டே போனால் குழப்பமே வராது. தொடக்கப்பள்ளியில் படித்த கணக்குதான். ஆனால் அலமாரி முன்னால் நிற்கும்போது பெரியவர்களே இதில் சறுக்குவார்கள். இப்படித் தவறான இடத்தில் செருகிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். கணினி "உள்ளே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், யார் கைக்கும் கிடைக்காது. எங்கிருந்து எடுத்தோம் என்று நினைவில்லாவிட்டால் நூலை மேசைமேலேயே விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

எதற்காகத் தசமம்? இந்த முறையை அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மொத்தம் 44 பக்கம். அப்போது அவருக்கு வயது 24. அதற்கு முன்பு பெரும்பாலான நூலகங்களில் எண் என்பது இடத்தைக் குறித்தது: இந்த அறை, இந்த அலமாரி, இந்தத் தட்டு, இத்தனையாவது நூல். தட்டு நிறைந்துவிட்டாலோ நூலகம் வேறு கட்டடத்துக்கு மாறினாலோ எல்லா எண்ணையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். டூயியின் எண் பலகையைக் குறிக்கவில்லை, பொருளைக் குறித்தது. அலமாரி எங்கே போனாலும் 633.851க்குப் பிறகு 633.88தான். எந்த இரண்டு தசம எண்களுக்கு நடுவிலும் இன்னொரு தசம எண்ணுக்கு இடம் உண்டு. நாளை புதிதாக ஒரு துறை பிறந்தால் பழைய எண்கள் எதையும் அசைக்காமல் நடுவே நுழைத்துவிடலாம். எண்கோட்டைப் பற்றிக் கணித ஆசிரியர் சொன்ன அதே உண்மை இங்கே மரப்பலகைமேல் நிற்கிறது. (அதே 1876இல்தான் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டே அவற்றின் கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்துவிட்டன.)

எண்ணுக்குக் கீழே மூன்று ரோமன் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். தமிழ் நூல்களுக்குச் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். சங்கர் என்ற பெயரை ரோமன் எழுத்தில் 'எஸ்' போட்டும் எழுதுகிறோம், 'எஸ்', 'ஹெச்' சேர்த்தும் எழுதுகிறோம். ஆய்வு நூலகங்கள் பின்பற்றும் அனைத்துலக முறையிலோ ச என்றால் எப்போதும் 'சி'தான். அந்த முறைப்படி சிலப்பதிகாரம் 'சி' எழுத்தில் தொடங்கும். 'எஸ்' வரிசையில் தேடினால் கிடைக்காது. திருக்குறளில் 'டி'க்குப் பக்கத்தில் 'ஹெச்' வராது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ப எழுத்துக்கு எப்போதும் ஒரே ரோமன் எழுத்து என்பதால், இராமாயணம் பாடிய கம்பரின் பெயரை அந்த முறைப்படி எழுதினால் ஈப்போவுக்குத் தெற்கே கம்பார் நகரின் பெயர்ப்பலகையில் உள்ள அதே ஆறு எழுத்துகள் வந்துவிடும். ஊர்ப் பெயரைத் தட்டினால் கவிச்சக்கரவர்த்தி எட்டிப் பார்ப்பார்!

நம் பெயர்களோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மைகார்டில் உங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அது தெரியாத வெளிநாட்டு நூலகர் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டால், நூல் அப்பாவின் பெயரில் பதிவாகிவிடும். ஊர்ப் பெயர்களும் இப்படித்தான் நழுவும். 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் 1935 வரை லூமுட் வட்டாரம் டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு இருந்தது. "பேராக்" என்று மட்டும் தட்டுகிறவருக்கு அந்தக் காலத்து நூல்கள் சிக்காமல் போகலாம். 959.5 அலமாரிக்கு நடந்து போகிறவர் அவற்றின் முன்னால் போய் நிற்பார்.

சொற்களைவிட எண்ணை நம்பலாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்காக அந்த எண்களைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவையும் மனிதர் போட்டவை. ஆங்கில நாவலின் எண் 823. தமிழ் நாவலின் எண் 894.8113. மூன்று இலக்கம் எங்கே, ஏழு இலக்கம் எங்கே! ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழுப் பத்தும் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழ், "பிற மொழிகள்" என்ற மூட்டைக்குள் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகளோடு 894ஐப் பங்கு போட்டுக்கொள்கிறது. மலாய் இலக்கியமும் அதே மூட்டையில்தான், 899.28இல். சமயப் பிரிவில் 220 முதல் 280 வரை கிறிஸ்துவத்துக்கு. இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. ஓர் அமெரிக்கக் கல்லூரி நூலகத்தில் அன்று எந்த நூல்கள் நிறைந்திருந்தனவோ, அவற்றுக்கு ஏற்பத் தைத்த சட்டை இது. உலகமே இன்று அதைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டையை வேறு விதமாகத் தைத்துப் பார்த்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் படிக்க லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். துளையிட்ட சில உலோகத் துண்டுகள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றி இணைத்தால் பாலமும் வரும், வண்டியும் வரும். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப இணைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். இணைக்கும் திருகாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். 1933இல் கோலன் பகுப்புமுறை நூலாக வெளிவந்தது. அதில் மருத்துவத்துக்கு ஓர் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, இந்தியாவுக்கு 44. இவற்றைக் கோத்தால் "இந்தியாவில் நுரையீரல் காசநோய்" என்பது ஒரே வரி எண்ணாகிவிடும். எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே எண் அச்சிட்டு வைக்க வேண்டியதில்லை.

இதன் அருமை புரிய, பேராக் ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி ஒரு நூல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றியதானால் 633.8952. ஆலையில் பால் பதப்படும் விதம் என்றால் 678. கூலியும் வேலைநிறுத்தமும் என்றால் 331. அங்கே வாழ்ந்த சமூகத்தைப் பற்றியதானால் 305. பழைய கதை என்றால் 959.5. நாவலாக எழுதியிருந்தால் 894.8113. ஒரு தோட்டம் ஆறு அலமாரியில் சிதறிக் கிடக்கிறது! நிஜ நூலோ இந்த ஆறில் மூன்றையாவது தொட்டுப் பேசும். டூயி முறையில் நூலகர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ரங்கநாதன் முறையிலும் நூல் நிற்பது ஓர் இடத்தில்தான், ஆனால் அதன் மற்ற முகங்களும் எண்ணுக்குள்ளேயே தெரியும். அவர் முறை அழகானது. இருந்தும் எண் நீண்டு போவதால் சாதாரண வாசகருக்குக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பள்ளி வளமையங்களில் டூயியே இருக்கட்டும். நாளை பல்கலைக்கழகம் போனால் எழுத்தில் தொடங்கும் வேறொரு முறையைப் பார்ப்பீர்கள். அதை அப்போது கற்றுக்கொள்ளலாம்.

இனி என் வேண்டுகோள். பல வளமையங்களில் தமிழ் நூல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கி, மேலே "தமிழ்" என்று எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே திருக்குறள் உரையும் பேய்க் கதையும் சமையல் குறிப்பும் எஸ்.பி.எம். வழிகாட்டியும் உயர வரிசையில் நிற்கும். சில இடங்களில் தமிழில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றுக்கும் 894.811 என்று ஒட்டியிருப்பார்கள். 894.811 தமிழ் இலக்கியத்தின் எண். தமிழில் எழுதிய வானியல் நூலுக்கு 520, பாம்புகளுக்கு 597.96, சதுரங்கத்துக்கு 794.1, சமையலுக்கு 641.5. இலக்கண நூல்கூட 494.811தான். தமிழ் என்பது நூல் பேசும் மொழி. எதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்குத்தான் எண். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டால், தமிழில் அறிவியல் நூலே இல்லை என்று அந்த அலமாரி பொய் சொல்லும். படிவம் இரண்டு மாணவி ஒருத்தி தமிழில் நட்சத்திரங்களைப் பற்றித் தேடி வந்து, அந்தப் பொய்யை நம்பித் திரும்பிப் போவாள்.

அதற்காகத் தமிழ் நூல்களை மலாய், ஆங்கில நூல்களோடு கலந்துவிட வேண்டும் என்கிறீர்களா என்று கேட்கலாம். வேண்டாம். சிலர் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நம்மிடம் நூல் குறைவு. கலந்தால் கண்ணிலேயே படாது. தனி அலமாரியாகவே இருக்கட்டும். எண்ணுக்கு முன்னால் 'த' என்று ஓர் எழுத்துப் போட்டு, உள்ளே 000 முதல் 999 வரை வரிசையாக அடுக்குங்கள். த 520, த 597.96, த 633.851. எந்தத் துறையில் நூல் இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எதை வாங்கச் சொல்லலாம் என்று ஆசிரியரிடம் கேட்கவும் முடியும்.

வேலை நினைப்பதைவிட எளிது. மலேசியாவில் அச்சான பல நூல்களில், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் தேசிய நூலகம் கொடுத்த விவரக் கட்டத்தில் டூயி எண் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதினால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களுக்குத்தான் நீங்களே யோசிக்க வேண்டும்: பொருளடக்கத்தைப் படித்து, இது முக்கியமாக எதைப் பற்றியது என்று இரண்டு பேர் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள்.

எண்ணே இல்லாமல் அடித்தட்டில் கிடக்கும் மெல்லிய நூல்களைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். மூடிப்போன தோட்டங்களின் தமிழ்ப்பள்ளி நினைவு மலர்கள் அவற்றில் இருக்கலாம். தொடக்கக் கல்வி என்று 372இல் வைப்பது விதிப்படி சரிதான். நானாக இருந்தால் 959.5இல் வைப்பேன். தோட்டமும் பள்ளியும் இன்று அங்கே இல்லை; அந்த மலரைத் தேடி வருகிறவர் பாடத்திட்டத்தைத் தேடி வரமாட்டார்.