படியில் படிந்த பாசி



"சைனஸ் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மறுபடியும் மூக்கடைப்பு, முகமெல்லாம் பாரம். நான்தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரி என்னை வெகுநேரம் விடவில்லை. இந்த மாதப் பக்கம் அவருக்கே.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா.

குளத்துப் படியில் பாசி படிந்திருந்தால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் வழுக்கல் போகாது. கிருமிகளும் அப்படி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும். இதைத்தான் மருத்துவர்கள் பயோஃபிலிம், உயிரிப்படலம் என்கிறார்கள். காலையில் பல் துலக்குமுன் நாக்கில் தட்டுப்படும் வழவழப்பும் இதே வகைதான். படலத்தின் அடியில் இருப்பவை பாதி உறக்கத்தில் கிடக்கும். வளர்கிற கிருமியைத் தாக்கும் ஆன்டிபயாடிக் அவற்றை அசைப்பதில்லை. மாத்திரை சாப்பிடும்வரை சுகம், நிறுத்தினால் பழைய கதை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். பஞ்சுக்குச்சியால் சளி எடுத்துச் சோதித்தால் 'கிருமி இல்லை' என்றுகூட ரிப்போர்ட் வரலாம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சால்டிஸ், வோர்மால்ட் முதலிய மருத்துவர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு எண்டோஸ்கோப் வழியே அறுவை செய்துகொண்ட 40 பேரில் 20 பேரின் சைனஸ் உட்சவ்வில் இந்தப் படலம் இருந்தது. அறுவைக்குப் பிறகும் உபாதையும் சவ்வின் அழற்சியும் அதிகம் நீடித்தது அவர்களுக்குத்தான். சிறிய ஆய்வு, பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்தது. ஆனாலும் வாசகியின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. தொல்லை திரும்புவது நோயாளியின் கவனக்குறைவால்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலர்ஜி, ஆஸ்துமா, மூக்கில் வளரும் சதை என்று வேறு காரணங்களும் உண்டு.

அப்படியானால் ஆபரேஷன் வீணா? இல்லவே இல்லை. கன்னத்துச் சைனஸ் குழியின் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. சவ்விலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். அழற்சியில் அந்த இழைகள் நலிந்துவிடுகின்றன. அறுவை வாசலை அகலமாக்கித் தருகிறது. அதன் வழியே உப்புநீரும் மூக்கு மருந்தும் உள்ளே போய்ச் சேர்வது பிறகு நாள்தோறும் நடக்கவேண்டிய வேலை. இதை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மூக்கைக் கழுவும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். கழுவும் பாட்டிலையும் அவ்வப்போது சுத்தம் செய்து காயவையுங்கள், அதற்குள்ளும் படலம் படியும். அறுவை செய்த மருத்துவரிடமே திரும்பப் போய், எண்டோஸ்கோப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்