மறதி நோய்க்கு மின்தூண்டல்: அவசரம் கூடாது

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லாத நிலையில், தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையைத் தூண்டும் முறை நம்பிக்கை தருகிறது.

பலரும் அஞ்சுவதுபோல இது ‘ஷாக்’ சிகிச்சை அல்ல. மயக்க மருந்து இல்லை. வலிப்பு வரவைப்பதும் இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டம்தான். தோலில் லேசான அரிப்போ எரிச்சலோ ஏற்படலாம்.

பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 65 முதல் 88 வயதுவரையிலான 150 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. தினமும் 20 நிமிடம், நான்கு நாள் தூண்டல் பெற்றவர்களிடம் சொற்களை நினைவுகூரும் திறன் கூடியது. ஒரு மாதம்வரை அது நீடித்தது. ஆனால், அவர்கள் மறதி நோயாளிகள் அல்லர். இந்த ஒரு வரியை மறைத்துவிட்டு யாரும் நம்பிக்கையை விற்கக் கூடாது. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமரால் பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத தாய்க்காகக் கடன் வாங்கியும் செலவழிக்கத் துணியும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களின் தவிப்பு சந்தைச் சரக்காகிவிடக் கூடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பெரிய ஆய்வுகளுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். இணையத்தில் விற்கும் கருவிகளை வாங்கி, மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் முதியவர்களுக்குப் பொருத்த வேண்டாம்.