தண்டவாளத்தைப் பிள்ளைகளே பதிக்கட்டும்!



மாதிரி இரயில் என்றாலே பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்கிறார் ஒருவர். படிக்கிற நேரத்தைக் கெடுக்கும் விளையாட்டு என்கிறார் இன்னொருவர். இவர்களோடாவது வாதாடலாம். ஆனால், ஆசையாக வாங்கிவந்து, மேசைமீது பாதை முழுவதையும் தாமே பதித்துவிட்டு, பிள்ளையிடம் விசையை மட்டும் நீட்டுகிறார்களே சில அப்பாமார்கள், என் சினம் முதலில் அவர்கள் மீதுதான்! இரயில் ஓடுவதில் பிள்ளை கற்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்துச் சுற்று ஓடினால் அலுத்துவிடும். பாடம் முழுவதும் பாதை பதிப்பதில் இருக்கிறது. அதைத்தான் பிடுங்கிக்கொள்கிறோம்.

பரவலாக விற்கப்படும் எச்.ஓ. வகை மாதிரி, உண்மையான இரயிலில் 87இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மி.மீ. பிள்ளையே அளந்து, 87ஆல் பெருக்கட்டும். 1435.5 வரும். கோலாலம்பூர் எம்.ஆர்.டி. பாதையின் அகலம் 1435 மி.மீ.! கே.டி.எம். பாதையின் அகலமோ 1000 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5. அப்படியானால், கே.டி.எம். வண்டியைச் சரியான அளவில் செய்தால் அது இந்தப் பாதையில் நிற்குமா? நான் கண்ட பயிற்சி நூல் எதிலும் விகிதத்தைப் பற்றி இப்படியொரு கேள்வி இல்லை.

வளைவுக்கு வாருங்கள். 45 பாகைத் துண்டுகள் எட்டினைக் கோத்தால் வட்டம் மூடிக்கொள்ளும்; அதில் சிந்திக்க அதிகம் இல்லை. வளைக்கக்கூடிய நீளத் தண்டவாளம் தனியாகக் கிடைக்கிறது. ஒன்று ஏறத்தாழ 91 செ.மீ. அதைக் கால்வட்டமாக வளைத்தால், உட்புறக் கம்பி வெளிப்புறக் கம்பியைவிட 26 மி.மீ. அளவுக்கு நீண்டு நிற்கும். இரண்டும் ஒரே நீளந்தானே, இது மட்டும் ஏன் நீண்டது? உள்வட்டம் சிறியது, வெளிவட்டம் பெரியது என்பதைப் பிள்ளை விரலால் தொட்டு உணர்கிறது. மிகுந்ததை அறுத்து அரத்தால் தேய்க்கும்போது பெரியவர் அருகில் இருக்கட்டும். கையைப் பிடித்துச் செய்ய வேண்டா.

பாலம் கட்ட விரும்பாத பிள்ளை உண்டா? கீழே ஒரு வண்டி போக, மேற்பாதை ஏறத்தாழ 8 செ.மீ. உயர வேண்டும். 100க்கு 2 என்ற சரிவில் ஏறினால் அதற்கு 4 மீட்டர் பாதை தேவை. இறங்க இன்னொரு 4 மீட்டர். ஆறடி மேசையில் நேராக எங்கே வைப்பது? சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும், அல்லது பாலத்தைக் கைவிட வேண்டும். முடிவு பிள்ளையுடையது. இணைப்பு ஒன்று மயிரிழை விலகியிருந்தால் வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடம்புரளும். குனிந்து, விரலை ஓட்டி, அது தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்க நமக்குத்தான் முடிவதில்லை!

“சார், பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை” என்பார்கள் சக ஆசிரியர்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. பயிற்சித்தாள் குவியல் மட்டும் நிற்கவில்லையே, ஏன்?

செலவு பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். விலை கூடியது இயந்திரம். அது இல்லாமலே தொடங்கலாம். தண்டவாளம் இரண்டு நீளம், பெட்டி ஒன்று, சாய்த்து வைக்க ஓர் ஒட்டுப்பலகை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். நம் நாட்டு ஈரக்காற்றில் பலகை முறுக்கிக்கொள்ளும். இருபுறமும் சாயம் பூசிவிடுங்கள்.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885இல் முதல் இரயில் ஓடியது முதல், இந்நாட்டுப் பாதைகளில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. 1942-43இல் சயாம் மரண இரயிலின் 415 கி.மீ. பாதையில் மாண்ட நம்மவர் பல்லாயிரவர். சரளைக்கல்லும் சிலிப்பர் கட்டையும் எதற்கென்று அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது எனக்கு வருத்தமே.

பள்ளிக் கண்காட்சிகளில் நடுவராக அமரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளக்கும் மாதிரி ஒன்று மேசைக்கு வந்தால், புள்ளி போடுமுன் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கழற்றுங்கள். கொண்டுவந்த மாணவரை மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். அப்பாவைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள்.