செயலியைத் தேர்ந்தெடுப்பது யார்?

2025 செப்டம்பர் மாதத்தில், நமது எல்லைக்கு அப்பால் ஒன்றும் இப்பால் ஒன்றுமாக நிகழ்ந்த இரு நிகழ்வுகள் சேர்த்து வைத்துச் சிந்திக்கத் தக்கவை. அம்மாதம் 4ஆம் நாள் நேபாள அரசு, முறைப்படி பதிவு செய்துகொள்ளவில்லை என்ற காரணத்தைக் காட்டி, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், எக்ஸ் உள்ளிட்ட 26 சமூக ஊடகத் தளங்களை முடக்க ஆணையிட்டது. நான்கு நாள்களுக்குப் பின் வீதியில் திரண்ட இளைஞர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அன்று ஒரே நாளில் 19 பேர் உயிரிழந்தனர். அன்றிரவே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். அதே மாதத்தின் பிற்பகுதியில், புதுதில்லியில் ஒன்றிய அமைச்சர்கள் சுதேசி முழக்கத்துடன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலிக்கு மாறுமாறு நாட்டு மக்களுக்கு அழைப்பு விடுத்தனர். சில நாள்கள் பதிவிறக்கப் பட்டியலின் உச்சியில் நின்ற அச்செயலி பின்னர் படிப்படியாகக் கீழிறங்கியது. வாட்ஸ்அப் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தடை விதித்தவர்களும் சரி, அழைப்பு விடுத்தவர்களும் சரி, ஒரே அனுமானத்திலிருந்துதான் புறப்பட்டார்கள். மக்கள் ஒரு தளத்தில் தங்கியிருப்பது பழக்கத்தால் மட்டுமே. ஆட்சியாளர் கைகாட்டினால் பழக்கம் மாறிவிடும் என்பதே அந்த அனுமானம். ஆசியக் கண்டத்தின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. சீனத்தில் வீசாட், தென் கொரியாவில் காக்காவ்டாக், ஜப்பானிலும் தாய்லாந்திலும் தைவானிலும் லைன், வியத்நாமில் ஸாலோ, வளைகுடாவுக்கு உழைக்கச் சென்ற வங்கதேசத் தொழிலாளர் குடும்பங்களில் இமோ, இந்தியாவில் வாட்ஸ்அப் என்று ஒரே பணியைச் செய்யும் தளங்கள் நாடுவாரியாகப் பிரிந்து வேரூன்றியிருக்கின்றன. இது ஏன் என்ற கேள்வி தோழர்களுக்கு வெறும் பொது அறிவுச் செய்தியன்று. நமது அன்றாட அமைப்புப் பணியும் கருத்துப் போராட்டமும் இன்று இத்தளங்களின் வழியாகவே பெருமளவு நடைபெறுகின்றன.

சந்தை ஆய்வாளர்கள் இதற்குத் தரும் எளிய விடை 'பண்பாடு' என்பதாகும். ஜப்பானியர் மனத்திலுள்ளதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்கள், ஆகவே படங்களைக் கொண்டு பேசும் லைன் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று என்பார்கள். ஆனால், லைன் செயலியை உருவாக்கியது தென் கொரியாவின் நேவர் நிறுவனத்துடைய ஜப்பானியக் கிளையாகும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கியபோது தொலைபேசி அழைப்புகள் செல்லாமல் திணறின. இணையவழித் தொடர்பு ஓரளவு தாக்குப்பிடித்தது. அந்தப் பேரிடரின் அனுபவத்தை ஒட்டி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லைன் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் தாயகமான தென் கொரியாவில் அச்செயலியால் காலூன்ற முடியவில்லை. காரணம், அங்கு 2010 மார்ச்சிலேயே காக்காவ்டாக் வந்து, திறன்பேசி வாங்கியோரையெல்லாம் தன்பால் சேர்த்துவிட்டிருந்தது. ஓராண்டு முந்திக்கொண்டதே அங்கு முடிவைத் தீர்மானித்தது. கொரியரின் மனப்பாங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இன்னும் பழைய சான்றுகளும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் பிறந்த ஃபிரெண்ட்ஸ்டர், தாயகத்தில் மங்கிய பின்னரும் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் செழித்தது. 2004இல் கூகுள் தொடங்கிய ஆர்குட், இந்தியாவிலும் பிரேசிலிலும் கொடிகட்டிப் பறந்தது. நமக்கும் பிரேசில் மக்களுக்கும் பொதுவான பண்பாடு எது? தொடக்கத்தில் உறுப்பினர் ஒருவர் அழைத்தால்தான் மற்றொருவர் சேரலாம் என்ற விதி ஆர்குட்டில் இருந்தது. முதலில் நுழைந்தவர்கள் தம் நண்பர்களை அழைத்தனர். அவர்கள் தம் உறவினர்களை அழைத்தனர். ஒரு தளத்தின் மதிப்பு அதன் வடிவமைப்பில் இருப்பதைக் காட்டிலும், அதில் ஏற்கெனவே இருக்கும் மனிதர்களிடத்தில்தான் இருக்கிறது. நம்மவர் அனைவரும் ஓரிடத்தில் இருக்கும்போது, தனியொருவர் மட்டும் வேறிடம் செல்வதில் பொருளில்லை.

ஆனால், முதற்கூட்டம் ஒரு தளத்தில் திரள்வது எதனால்? இங்குதான் பொருளியல் காரணிகள் முன்னே வருகின்றன. அவற்றுள் முதலாவது, தொடர்பின் விலை. இந்தியாவில் குறுஞ்செய்திக்குத் தனித்தனியே கட்டணம் செலுத்திய காலத்தைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் சலுகைத் திட்டங்கள் செல்லாது என்று அறிவித்து, வாழ்த்துச் செய்திக்குக்கூடக் கூடுதல் கட்டணம் பறித்தன தொலைத்தொடர்பு நிறுவனங்கள். 2011 செப்டம்பரில், விளம்பரத் தொல்லையைத் தடுப்பதாகக் கூறி, நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திக்குமேல் அனுப்பக் கூடாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. பின்னர் அது 200 ஆக உயர்த்தப்பட்டது. அதே காலத்தில், விலை குறைந்த நோக்கியா கைபேசிகளிலும் இயங்கிய வாட்ஸ்அப், மின்னஞ்சல் முகவரியோ கடவுச்சொல்லோ கேட்காமல், கைபேசி எண்ணை மட்டும் கேட்டது. எழுதப் பழகாத தாய்க்கும் தொலைவில் வேலை செய்யும் மகனுக்கும் இடையே குரல் பதிவு பாலமாயிற்று. வாட்ஸ்அப் இந்நாட்டு உழைப்பாளி வீட்டுக்குள் நுழைந்த வழி இதுவே. வங்கதேசக் குடும்பங்களில் இமோ பரவியதும் இவ்வாறே: வேகம் குறைந்த இணைப்பிலும் காணொலி அழைப்புக்கு அது வழிசெய்தது.

இந்த விலையைக் கட்டுப்படுத்துபவர் எவரோ, அவரே மக்கள் எங்கு கூடுவர் என்பதையும் தீர்மானிக்கிறார். பிலிப்பைன்சில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரவுக் கட்டணமின்றி ஃபேஸ்புக்கை வழங்கின; அங்குள்ள ஏழை மக்களில் பலருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக் என்றாயிற்று. இதே திட்டத்தை 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில் இந்தியாவிலும் நுழைக்க முயன்றார்கள். ஜனநாயக இயக்கங்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் எழுப்பிய வலுவான எதிர்ப்பின் விளைவாக, 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தளத்துக்குத் தளம் வேறுபட்ட தரவுக் கட்டணம் வசூலிப்பதைத் தடை செய்தது. அது மக்கள் ஈட்டிய வெற்றி. ஆனால், ஏகபோக மூலதனம் வேறு வாசல் வழியாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ இலவசத் தரவுடன் களமிறங்கியது. பொதுத்துறை பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கோ 4ஜி அலைக்கற்றை வழங்கும் முடிவு 2019 அக்டோபரில்தான் எடுக்கப்பட்டது; நாடு தழுவிய 4ஜி சேவை 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2020 ஏப்ரலில், ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றது. கம்பியை வைத்திருப்பவரும் செயலியை வைத்திருப்பவரும் கைகோத்துக்கொண்டனர்.

இரண்டாவது காரணி அரசு அதிகாரம். சீனத்தில் 2009 ஜூலையில் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் முடக்கப்பட்டன. அடுத்த மாதமே வெய்போ தொடங்கப்பட்டது. 2011 ஜனவரியில் வீசாட் வந்தது. தடைதான் சீனத் தளங்களை வளர்த்தது என்று மேலை ஊடகங்கள் கூறுவது பாதி உண்மை. வீசாட்டை நடத்தும் டென்சென்ட் நிறுவனத்தின் கியூகியூ, ஃபேஸ்புக் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே, 1999இல், வந்து அங்கு வேரூன்றியிருந்தது. 2014 வசந்த விழாவின்போது பரிசுப் பணம் அனுப்பும் வசதியை வீசாட் சேர்த்தது. நாளடைவில் கடைக் கட்டணம் முதல் அரசுச் சேவைகள் வரை அதனுள் அடங்கின. பாதுகாக்கப்பட்ட சந்தையும் உள்நாட்டுத் தொழில்நுட்பத் திறனும் ஒருங்கே அமைந்ததால் அது சாத்தியமாயிற்று. அதே சமயம், டென்சென்ட் தனியார் மூலதன நிறுவனமே என்பதையும், 2001இல் அதில் முதலீடு செய்த தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் குழுமமே இன்றும் அதன் மிகப்பெரிய பங்குதாரர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

திறனை வளர்க்காமல் தடையை மட்டும் கையாண்டால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவே சான்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மோடி அரசு தடை செய்தது. சிற்றூர்களில் தம் திறமையைக் காட்டி வந்த உழைக்கும் வர்க்க இளைஞர்கள் ஒரே இரவில் மேடையிழந்தனர். அடுத்த சில நாள்களிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸ் வசதியைத் தொடங்கியது. தேசபக்தியின் பெயரால் காலியாக்கப்பட்ட இடத்தை அமெரிக்க நிறுவனங்கள் நிரப்பிக்கொண்டன. அமைச்சர்களின் ஆசியுடன் வளர்க்கப்பட்ட 'கூ' தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. இன்று 'அரட்டை'க்கு விடுக்கப்படும் அழைப்பும் அதே வகையைச் சேர்ந்தது. உள்நாட்டு முதலாளியின் செயலியா, வெளிநாட்டு முதலாளியின் செயலியா என்ற தெரிவை மட்டும் மக்கள்முன் வைப்பது சுதேசி ஆகாது.

மூன்றாவது காரணி மொழி. தமிழில் வெளிவரும் இவ்வார இதழின் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. தம் மொழியிலும் தம் எழுத்திலும் பேச இடம் தரும் தளத்தை மக்கள் நாடுவது இயல்பு. வியத்நாமில் ஸாலோ பெற்ற செல்வாக்கில் அதற்கும் பங்குண்டு. ஆனால், ஒரு மொழியைப் பேசும் மக்களைத் தன்பால் ஈர்க்கும் நிறுவனம், அம்மொழிக்கான பொறுப்பை ஏற்காவிட்டால் என்ன நேரும்? மியான்மரில் 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் நுழைந்ததும், எளியோருக்கு எட்டாக்கனியாக இருந்த சிம் அட்டையின் விலை ஏறத்தாழ ஒன்றரை டாலராகச் சரிந்தது. புதிய கைபேசிகளில் ஃபேஸ்புக் முன்கூட்டியே இடம்பெற்றிருந்தது. குறுகிய காலத்தில் அதுவே அந்நாட்டின் செய்தித்தாளாகவும் தெருமுனையாகவும் ஆயிற்று. 2015இன் தொடக்கத்தில் அந்நிறுவனத்தில் பதிவுகளைக் கண்காணிக்கப் பர்மிய மொழி அறிந்தவர்கள் இருவரே இருந்தனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னர் வெளிப்படுத்தியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் விரட்டியடிக்கப்பட்ட கொடுமையில், அத்தளத்தில் பரப்பப்பட்ட வெறுப்புப் பேச்சுக்குப் பங்கிருந்ததை ஐ.நா. உண்மையறியும் குழு சுட்டிக்காட்டியது. வன்முறையைத் தூண்டத் தனது தளம் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை 2018 நவம்பரில் ஃபேஸ்புக்கும் ஒப்புக்கொண்டது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளைக் கொண்ட நம் நாட்டில், சங் பரிவாரத்தின் நச்சுப் பிரச்சாரம் எல்லா மொழிகளிலும் பாயும் இந்நேரத்தில், இது நமக்கும் எச்சரிக்கையாகும்.

விலை, அரசு, மொழி ஆகிய இம்மூன்றும் கூடி ஒரு தளத்தை ஒரு நாட்டில் நிலைநிறுத்திய பின்னர், அங்கு நிகழ்வது ஒரு வகை உடைமைப் பறிப்பாகும். நட்பும் உறவும் தோழமையும் மக்கள் தாமே உருவாக்கிக்கொண்டவை. அவற்றின் பின்னலைத்தான் நிறுவனம் தன் மூலதனமாக்குகிறது. வேறு தளத்துக்குச் செல்ல விரும்புவோர் அந்தப் பின்னலை உடன் எடுத்துச் செல்ல இயலாது. 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் தன் வணிக நலன் கருதி ஆர்குட்டை மூடியபோது, பல கோடிப் பேர் கூடிப் பழகிய ஓரிடம் அத்துடன் இல்லாமற்போயிற்று. அங்கு பேசியவர்களுக்கு அதில் ஒரு வாக்குகூட இருக்கவில்லை.

நேபாளத்தின் படிப்பினையும் இதுவே. ஊழலும் வேலையின்மையும் அங்கு நெடுங்காலமாகக் கனன்றுகொண்டிருந்தன. தடை அதில் விழுந்த பொறி. வெளிநாடுகளில் உழைத்துப் பணம் அனுப்பும் இலட்சக்கணக்கானோரின் குடும்பங்களுக்கு அத்தளங்களே உறவின் ஒரே இழையாக இருந்தன. பன்னாட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. ஆனால், மாற்று ஏற்பாடு எதுவுமின்றி, மக்களைக் கலந்துகொள்ளாமல், மேலிருந்து அந்த இழையை அறுத்தால், கம்யூனிஸ்ட் என்ற பெயரைத் தாங்கிய கட்சியின் தலைமையிலுள்ள அரசாயினும் மக்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 முதல் இணையத்தைத் துண்டித்து, 2021 பிப்ரவரி வரை 4ஜி சேவையை முழுமையாகத் திருப்பித் தராத மோடி அரசை எதிர்த்த நாம், இதில் இரு அளவுகோல்களை வைத்துக்கொள்ள இயலாது.

ஆகவே, நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்ப 2016 முதல் யுபிஐ வழிசெய்துள்ளது. அச்சந்தையிலும் இரு நிறுவனங்களின் ஆதிக்கம் நிலவுவது உண்மையே. எனினும், செயலியை மாற்றிக்கொள்ளும் ஒருவர் தம் கணக்கையோ பணம் அனுப்பும் வாய்ப்பையோ இழப்பதில்லை. பணத்துக்கு இயன்றது செய்திக்கு ஏன் இயலாது? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பிற சேவைகளுடன் செய்தி பரிமாறிக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப் திறந்துவிட வேண்டுமென நிர்ப்பந்திக்கிறது. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும். பி.எஸ்.என்.எல். வலுப்படுத்தப்பட வேண்டும். ஒவ்வோர் இந்திய மொழியிலும் போதிய கண்காணிப்புப் பணியாளர்களை நியமிப்பது நிறுவனங்களின் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். இணையத் துண்டிப்பு என்னும் அடக்குமுறைக் கருவி கைவிடப்பட வேண்டும்.

நம் அமைப்பைப் பொறுத்தவரை, மக்கள் இருக்கும் தளங்களில் நாமும் இருந்தாக வேண்டும். அவற்றைப் புறக்கணிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். அதே வேளையில், அவை நமது இடங்கள் அல்ல என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஒன்றிய அரசின் ஆணைப்படி 250க்கும் மேற்பட்ட கணக்குகளை ட்விட்டர் முடக்கியது. போராட்டம் முடங்கவில்லை. கிராமந்தோறும் இருந்த சங்கக் கிளைகளும், பஞ்சாயத்துக் கூட்டங்களும், சமூகச் சமையற்கூடங்களும் அதைத் தாங்கி நின்றன. தில்லி எல்லையில் டிராக்டர்களுக்கு நடுவே 'டிராலி டைம்ஸ்' என்ற அச்சுப் பத்திரிகையை நடத்தி, கைக்குக் கை கொடுத்தார்கள் அப்போராளிகள். வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் கட்டைவிரல் குறி, கிளைக் கூட்டத்தில் நிகழும் விவாதத்துக்கு ஈடாகாது. முன்னனுப்பப்படும் துண்டுச் செய்தி, ஆதரவாளர் வீட்டுக்கு நேரில் சென்று கொடுக்கும் இதழுக்கு ஈடாகாது. உறுப்பினர், ஆதரவாளர் விவரங்கள் கிளைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் மட்டும் இருத்தலாகாது. கிளைகள் தம் அடுத்த கூட்டத்தில் இதனை விவாதப் பொருளாக எடுத்துக்கொண்டு, உரிய முடிவுகளை எடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.