தகைசால் தமிழர் பட்டியலில் சேரி எங்கே?



ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கொடியேற்றம் முடிந்ததும் தமிழ்நாடு அரசு விருதுகளை வழங்குகிறது. அவற்றில் உச்சத்தில் வைக்கப்பட்டிருப்பது ‘தகைசால் தமிழர்’ விருது. தமிழ்நாட்டுக்கும் தமிழினத்தின் வளர்ச்சிக்கும் பெரும் பங்காற்றியவர்களைப் பெருமைப்படுத்த 2021-இல் உருவாக்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய், ஒரு பாராட்டுச் சான்றிதழ். யாருக்குத் தருவது என்பதை முதலமைச்சர் தலைமையிலான குழு முடிவு செய்கிறது.

முதல் ஐந்து ஆண்டுகளின் பட்டியல் இது. 2021: என். சங்கரய்யா. 2022: இரா. நல்லகண்ணு. 2023: கி. வீரமணி. 2024: குமரி அனந்தன். 2025: காதர் மொகிதீன்.

ஐவரும் ஆண்கள். ஐவரும் கட்சித் தலைவர்கள் அல்லது இயக்கத் தலைவர்கள். ஐவரில் ஒருவர்கூட தலித் இல்லை, ஒருவர்கூட பழங்குடி இல்லை.

இந்தப் பெரியவர்கள்மீது நமக்கு எந்தக் குறையும் கிடையாது. சங்கரய்யா வெள்ளையர் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர். விருதுப் பணத்தை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தார். நல்லகண்ணு அந்த 10 லட்சத்தோடு தன் கையிலிருந்து 5,000 ரூபாய் சேர்த்து அரசிடமே திருப்பிக் கொடுத்தார். இவர்களுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை. ‘தமிழர்’ என்று அரசு நினைத்துப் பார்க்கும்போது அதன் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள், யார் தெரியாமல் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது

இதைக் கேட்டதும் ஒரு பதில் தயாராக வரும். “உங்களுக்குத்தான் அம்பேத்கர் விருது இருக்கிறதே!”

ஆமாம், இருக்கிறது. ஜனவரியில் திருவள்ளுவர் நாளையொட்டி வழங்கப்படுகிறது. தொகை 5 லட்சம். 2021-ஆம் ஆண்டுக்கு நீதியரசர் சந்துரு பெற்றார். பிறகு எஸ்.வி. ராஜதுரை பெற்றார். 2024-ஆம் ஆண்டுக்கு எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ரவிக்குமார் பெற்றார். எல்லாம் தகுதியான தேர்வுகள். அம்பேத்கர் பெயரிலான விருதை எந்தச் சமூகத்தில் பிறந்தவரும் பெறலாம், பெற வேண்டும். அண்ணல் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் கவனியுங்கள். அம்பேத்கர் விருதுக்குள் எல்லோரும் வரலாம். தகைசால் தமிழர் விருதுக்குள் நம்மில் ஒருவரும் போகவில்லை. நம் ஆள் எவ்வளவு உழைத்திருந்தாலும் அவர் ‘ஒடுக்கப்பட்டோருக்கு உழைத்தவர்’ ஆவார். மற்றவர் உழைத்தால் அவர் ‘தமிழருக்கு உழைத்தவர்’ ஆவார். நம் கிராமங்களில் ஊர் தனி, சேரி தனி. ஊருக்குள் நடப்பது ஊர்த் திருவிழா, நம் தெருவில் நடப்பது காலனித் திருவிழா. விருதுப் பட்டியலிலும் இதே வரைபடத்தைத்தான் பார்க்கிறோம்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. ‘தமிழன்’ என்ற சொல்லை அரசியல் அடையாளமாக உயர்த்திப் பிடித்தவர்களில் முன்னவர் அயோத்திதாசர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, சாதியற்ற பூர்வத் தமிழர் என்று நம்மை நிமிர்த்தியவர். அவருக்குக் கிண்டியில் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. அதே வளாகத்தில் ரெட்டைமலை சீனிவாசனுக்கும் நினைவிடம் இருக்கிறது. இறந்தவர்களுக்கு மண்டபம் உண்டு. உயிரோடு இருக்கும்போது மட்டும் நாம் தமிழர் பட்டியலில் ஏற முடியவில்லை.

“தகுதியானவர் கிடைக்கவில்லை” என்று யாராவது சொல்வார்களானால், ஒரே ஒரு பெயரைச் சொல்கிறோம்: கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். தலித் குடும்பத்தில் பிறந்தவர். கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தவர். அவரை 2008-இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் விருது தேடி வந்தது. 2020-இல் டெல்லி பத்மபூஷண் கொடுத்தது. ஸ்டாக்ஹோமுக்குத் தெரிந்தது, டெல்லிக்குத் தெரிந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் கோட்டைக்குத் தெரியவில்லை.

கோழியாளத்துத் திவான் பகதூர்

பட்டமும் விருதும் நமக்குப் புதிதல்ல. ரெட்டைமலை சீனிவாசன் இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். வெள்ளையர் அரசு அவருக்கு 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் பட்டங்களைக் கொடுத்தது.

பட்டங்கள் வருவதற்கு முன்பே அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். 1924-இல் சென்னை சட்ட மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொது அலுவலகங்களுக்குள் நுழையவும் எவரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம். அது நிறைவேறி அரசாணையானது. நடக்க ஒரு சாலை வேண்டும் என்று சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்த காலம் அது.

சாலை பட்டத்தால் வரவில்லை, தீர்மானத்தால் வந்தது. திவான் பகதூர் பட்டம் அவர் பெயரோடு நின்றுவிட்டது. தீர்மானம் நம் எல்லோருடைய காலுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு விருதை எடைபோட இதைவிட நல்ல தராசு நம்மிடம் இல்லை. அது ஒருவர் கழுத்தோடு நிற்கிறதா, அவர் தெருவரைக்கும் போகிறதா?

வடநெம்மேலியில் ஒரு பத்மஸ்ரீ

இந்தத் தராசை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவோம். 2023 குடியரசு நாளில் அறிவிக்கப்பட்ட பத்ம விருதுகளில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்தச் சங்கம் என்ன செய்கிறது? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளையும் இருளர்கள் பிடித்து வருகிறார்கள். மண் பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும் பங்கு இந்தச் சில நூறு பேரின் கைகளிலிருந்தே போகிறது. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த மருந்தும் இல்லாமலிருந்தால் எண்ணிக்கை என்னவாகியிருக்கும்? இவர்கள் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். அங்குள்ளவர்கள் திணறிக்கொண்டிருந்த சதுப்புக் காட்டில் எட்டே நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

இவர்களுக்கு விருது கிடைத்ததை நாம் கொண்டாடினோம், இன்றும் கொண்டாடுகிறோம். கொண்டாடிக்கொண்டே மூன்று விஷயங்களைக் கவனித்தோம்.

முதலாவது, விருது எந்தத் தலைப்பில் வந்தது? ‘சமூக சேவை’. அறிவியலும் இல்லை, மருத்துவமும் இல்லை. மணலில் பதிந்த தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் போனது என்று சொல்வது தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு. பட்டம் படித்தவர் செய்தால் அது ஆராய்ச்சி. இருளர் செய்தால் சேவை.

இரண்டாவது, அந்த விருது ‘இணை’ விருது. இருவர் சேர்ந்து பெற்றால் எண்ணிக்கையில் ஒன்று என்றே கொள்ளப்படும் என்பது அரசின் விதி. இரண்டு இருளர், ஒரு பத்மஸ்ரீ.

மூன்றாவது, வரிசை. சங்கம் உருவாக முன்னின்ற ரோமுலஸ் விட்டேகருக்கு 2018-லேயே பத்மஸ்ரீ வந்துவிட்டது. அவர் தகுதியானவர். இருளர்களிடம் கற்றுக்கொண்டதை மறைக்காமல் சொல்பவர். ஆனால் கற்றுக்கொண்டவரை அடையாளம் கண்ட அரசுக்குக் கற்றுக்கொடுத்தவர்களைக் காண மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

இனி தராசை எடுங்கள். விருது தெருவரைக்கும் போனதா? பாம்பு பிடிக்க இன்றும் வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். எத்தனை பாம்பு என்பதை அதிகாரி முடிவு செய்வார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தபின் பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் நடை முடிவதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்.

அதே கடற்கரையில் இன்னொரு ஊர், பூஞ்சேரி. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் அவமதிக்கப்பட்ட நரிக்குறவர் பெண்ணின் பேச்சு ஊடகங்களில் பரவியது. அமைச்சர் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்லது, வரவேற்றோம். ஆனால் ஒரு பெண் அவமானப்பட்டு, அதைக் கேமராவின் முன் சொல்லி, அது நாடெல்லாம் பரவிய பிறகுதான் பட்டா நகர்ந்தது. கேமரா போகாத குடியிருப்புகள் எத்தனை? மறு ஆண்டே அதே பூஞ்சேரியில் உலக சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. சாலை ஒரே மாதத்தில் பளபளத்தது. அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பெயர் சொல்லப்படாத இருவர்

செங்கல்பட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டிய இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. இங்கே பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையே 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கிய அரசாணைக்கு வழிவகுத்தது. நூறு ஆண்டு கழித்து அந்த நிலம் யார் யார் கையிலோ இருந்தது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டார்கள். காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டார்கள்.

நிலத்தைத் திருடியவர்களைக் கேட்காமல், நிலத்தைக் கேட்டவர்களைச் சுட்ட நாடு இது. அந்த இருவர் பெயரில் அரசு விருது எதுவும் இல்லை. அவர்கள் விருது கேட்கவும் இல்லை, நிலம்தான் கேட்டார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று மாலை போடுவது நாம் மட்டுமே.

17-ம் 18-ம்

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதற்கு அடுத்த 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. இரண்டும் சமத்துவ உரிமை என்ற ஒரே தலைப்பின் கீழ் பக்கத்துப் பக்கத்து வீடுகள். பிறப்பால் ஒருவனைத் தாழ்த்துவதும் பட்டத்தால் ஒருவனை உயர்த்துவதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்பதே அதன் பொருள். விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உச்ச நீதிமன்றம் 1995-இல் பத்ம விருதுகளை அனுமதித்தது. குடிமக்களிடையே உயர்வு தாழ்வைப் புதிதாக உண்டாக்காத வரைதான் விருதுக்கு இடம். பட்டியலிலேயே உயர்வு தாழ்வு இருந்தால்?

அந்தச் சட்டத்தை வரைந்த அண்ணலுக்குப் பாரத ரத்னா வந்தது 1990-இல், அவர் மறைந்து 34 ஆண்டுகள் கழித்து. அவர் பெருமை ஒரு நாளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இது நமக்குத் தெம்பு தரும் செய்தி. அதே சமயம், “அவரே காத்திருந்தார், நீங்களும் காத்திருங்கள்” என்று நம்மிடம் யாரும் சொல்லிவிடவும் கூடாது.

என்ன செய்யலாம்?

விருதே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். மறுப்பதும் ஓர் அரசியல்தான். கன்னட எழுத்தாளர் தேவனூர மகாதேவா 2015-இல் பத்மஸ்ரீயைத் திருப்பிக் கொடுத்தார். அவரைத் தேடி 2024-இல் தமிழ்நாடு அரசின் வைக்கம் விருது வந்தது. ஆனால் கையில் இருப்பதைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். இலையே போடாத பந்தியிலிருந்து எழுந்து போவது எப்படி?

ஆகவே நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. தகைசால் தமிழர் விருதுக்குப் பொதுமக்கள் பரிந்துரைக்க வழி வேண்டும். பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைக்கலாம். டெல்லியால் முடிந்தது கோட்டையால் முடியாதா? தேர்வுக் குழுவில் அமைச்சர்களுக்கு அப்பால் பெண்களும் தலித்துகளும் பழங்குடிகளும் உட்கார வேண்டும். பரிசீலித்த பெயர்களையும் தேர்ந்த காரணத்தையும் வெளியிட வேண்டும். விருது பெறுபவரின் மக்கள் கேட்டு நிலுவையில் கிடக்கும் பட்டா, சான்றிதழ், தொழில் அனுமதி மனுக்களுக்கு அந்த ஆண்டிலேயே தீர்வு காண வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு உடனே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று போடுங்கள். 2021 முதல் எந்தெந்தப் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டன, அளவுகோல் என்ன என்று கேளுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கும் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போங்கள். நிலத்துக்காக வழக்கு நடத்தியவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தவர், பிரசவம் பார்த்தவர், பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர், கொத்தடிமைச் சூளையிலிருந்து பத்துக் குடும்பங்களை வெளியே கொண்டுவந்தவர் என்று பெயர், ஊர், செய்த வேலை எல்லாம் எழுதுங்கள். அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த ஆகஸ்ட் 15-க்கு முன்பு அந்தப் பட்டியலைத் தலைமைச் செயலகத்தில் நேரில் கொடுப்போம். “தகுதியானவர் கிடைக்கவில்லை” என்று யாரும் சொல்ல முடியாதபடி அது நீளமாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.