பெட்டியில் போட்ட லுமென் எண்ணை நம்பலாமா?

மாணவர்களே, கார் பழுதுபார்க்க ஒரு கைவிளக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், கடையில் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் லுமென் எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். நல்ல விளக்கைத் தேர்ந்தெடுக்கத் தேவையான விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். படிவம் 5 முடிந்ததும் நம் பிள்ளைகளில் பலர் தொழிற்பயிற்சிக்கும் பட்டறைக்கும் போகிறார்கள். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் அவர்கள் வாங்கும் முதல் கருவிகளில் விளக்கும் ஒன்று. தவறான விளக்கு பணத்தை மட்டுமா விழுங்குகிறது? தவறான கம்பியை வெட்ட வைக்கும். சுழலும் விசிறியின் பக்கம் கையைக் கொண்டுபோக வைக்கும். சில வேளைகளில் தீயையே மூட்டிவிடும். வகுப்பில் படிக்கும் ஒளியும் மின்சாரமும் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் கடைக்கும் நம்மோடு வர வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பாசார் மாலாமிலும் இணையக் கடைகளிலும் உள்ளங்கை அளவு விளக்கு ஒன்று ‘10,000 லுமென், 5 மணி நேரம் எரியும்’ என்ற வாசகத்தோடு விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் மின்கலம் 3.7 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. இரண்டையும் பெருக்குங்கள். 3.7 × 2 = 7.4 வாட்-மணி. அந்த விளக்கில் உள்ள மொத்த ஆற்றல் இவ்வளவுதான்.

நல்ல வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் ஒளி தரும். அப்படியானால் 10,000 லுமெனுக்கு 100 வாட் வேண்டும். 7.4 வாட்-மணியை 100 வாட்டால் வகுத்தால் நாலரை நிமிடம்கூட வராது. சரி, அது உண்மையிலேயே 5 மணி நேரம் எரிகிறது என்றால்? 7.4ஐ 5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5 வாட். அதாவது சுமார் 150 லுமென். பெட்டி சொல்வதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

“எங்கள் எல்.இ.டி. புதிய தொழில்நுட்பம்” என்று விற்பவர் சொல்லலாம். அதற்கும் இயற்பியலில் பதில் இருக்கிறது. மனிதக் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. மின்சாரம் துளியும் வீணாகாமல் முழுவதும் அந்தப் பச்சை ஒளியாக மாறினாலும் ஒரு வாட்டுக்கு 683 லுமெனுக்கு மேல் கிடைக்காது. ஆகவே அந்த மின்கலத்தை வைத்துக்கொண்டு 5 மணி நேரத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,010 லுமெனைத் தாண்டுவது எந்தத் தொழிற்சாலையாலும் முடியாத காரியம். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் போதும். ஏமாற மாட்டீர்கள்.

மின்கலத்திலும் இதே கவனம் தேவை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் அயன் கலத்தை 18650 என்பார்கள். அந்த அளவுக் கலத்தில் நல்ல தரமானவை 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். ஒரே கலத்தின் மேல் 9,900 என்று எழுதியிருந்தால் அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒளி எங்கே விழுகிறது?

லுமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. நாம் பார்க்கும் பொருளின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். 400 லுமென் ஒளி ஒரு சதுர மீட்டரில் சீராக விழுந்தால் 400 லக்ஸ். அதே ஒளி கால் சதுர மீட்டரில் விழுந்தால் 1,600 லக்ஸ். சிறிய விளக்கின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒளிச்செறிவு நான்கு மடங்காகும் என்ற எதிர் வர்க்க விதி இதுதான்.

கார் இயந்திரத்தில் வேலை செய்பவருக்கு விளக்கு ஒரு முழ தூரத்தில்தான் இருக்கும். அங்கே உண்மையான 300 முதல் 500 லுமென் தாராளமாகப் போதும் என்பேன். அதற்கு மேல் போனால் பளபளக்கும் உலோகத்தில் பட்டுக் கண் கூசும். கண்மணி சுருங்கி, பக்கத்தில் உள்ள இருண்ட மூலை இன்னும் இருட்டாகத் தெரியும்.

ஆகவே வெளிச்சத்தின் அளவைவிட நிழலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி கூர்மையான கருநிழலைத் தரும். அகன்ற பரப்பிலிருந்து வரும் ஒளி, ஓரம் மங்கிய மென்மையான நிழலைத் தரும். ஸ்பேனரைப் பிடித்த கையே திருகாணியை மறைக்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிய உதவி. நீளமான பட்டை வடிவில் எல்.இ.டி. அமைந்து, மேலே வெண்ணிற மூடி போட்ட விளக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு பக்கமும் வைக்கக்கூடிய இரண்டு சிறிய விளக்குகள் மேல்.

“கைத்தொலைபேசி விளக்கே போதாதா, சார்?” என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு எட்டிப் பார்க்கப் போதும். ஆனால் அது புள்ளி ஒளி. ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். இரவில் சாலையோரம் வண்டி நின்றுவிட்டால், உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசியின் மின்கலத்தையும் அதுவே தீர்த்துவிடும்.

நிறம் பொய் சொல்லலாம்

காரின் அடியில் தரையில் ஒரு சொட்டு. அது என்ன? தானியங்கி கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. பழைய இயந்திர எண்ணெய் பழுப்பு அல்லது கருப்பு. கூலன்ட் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் வரும். மின்கம்பிகளில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் அடுத்தடுத்து இருக்கும். நிறத்தைத் தவறாகப் பார்த்தால் பழுதைத் தவறாகக் கணிப்போம்.

வெள்ளை எல்.இ.டி. எப்படி வேலை செய்கிறது? உள்ளே இருப்பது நீல எல்.இ.டி. அதன் மேல் பூசிய பாஸ்பர் நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு ஒளி குறைவு. பொருளின் மேல் சிவப்பு ஒளி விழாவிட்டால் அது எதைப் பிரதிபலிக்கும்? சிவப்புக் கம்பி பழுப்பாகத் தெரியும்.

இதை அளக்க நிறம் காட்டும் குறியீடு, அதாவது சி.ஆர்.ஐ. என்ற எண் உண்டு. அதன் உச்சம் 100. பழுதுபார்ப்பு வேலைக்கு 90க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். லுமென் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

விசிறியை நிற்க வைக்கும் விளக்கு

சில விளக்குகள் ஒளியைக் குறைக்க, மிக விரைவாக அணைந்து அணைந்து எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அந்தத் துடிப்பும் விசிறியின் சுழற்சியும் ஒத்துப்போனால், சுழலும் விசிறி நிற்பது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ தோன்றும். ஆபத்து புரிகிறதா? வாங்கும் முன் விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக் கைத்தொலைபேசியின் கேமரா வழியாகப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது, வேறொன்றைப் பாருங்கள். எந்த விளக்காக இருந்தாலும், மின்விசிறி உள்ள கார்களில் இயந்திரத்தை அணைத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

சூடும் பெட்ரோலும்

நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். பழைய ஹாலோஜன் விளக்கை இன்னும் காரின் அடியில் வைத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். “வெளிச்சம் நன்றாக இருக்கிறது, நிறமும் சரியாகத் தெரிகிறது” என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஹாலோஜன் குமிழின் சுவர் 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அது சரியாக இயங்கும். உள்ளே உள்ள டங்ஸ்டன் இழையின் சூடு 2,500 பாகை அளவில் இருக்கும். பெட்ரோலோ சுமார் -40 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். விளக்கு கீழே விழுந்து குமிழ் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத் தரையில் கிடக்கும் மின்கம்பி இன்னொரு ஆபத்து.

எல்.இ.டி. விளக்கு இதைவிட மிகவும் பாதுகாப்பானது. ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. அதன் சுவிட்சிலும் சிறு பொறி பறக்கலாம். பெட்ரோல் வாடை வந்தால் எந்த விளக்கையும் அங்கே போடாதீர்கள், அணைக்கவும் முயலாதீர்கள். விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள ஐ.பி. 65 என்ற குறி தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது என்று மட்டுமே சொல்கிறது. தீப்பிடிக்காது என்று அது சொல்லவில்லை.

மற்றவை எளியவை. காந்த அடிப்பாகம் இரும்பில் ஒட்டும், அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. ஆகவே கொக்கியும் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய கார் உள்ளே 50 பாகையைத் தாண்டும். லித்தியம் மின்கல விளக்கைக் கண்ணாடிக்குக் கீழே போட்டுவைக்காதீர்கள்.

விலை கூடிய விளக்கைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணைக் கேள்வி கேட்டு வாங்குங்கள் என்கிறேன். இந்த வாரம் வீட்டிலுள்ள ஒரு கைவிளக்கை எடுத்து, அதன் வோல்ட்டையும் மில்லி ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். வரும் விடையை அதை வாங்கி வந்த அப்பாவிடமோ அண்ணனிடமோ காட்டுங்கள். அடுத்த முறை விளக்கு வாங்கப் போகும்போது உங்களையும் கடைக்கு அழைத்துப் போவார்கள்.